இழுப்பறையில் மூன்று அட்டைகள்

சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் நான் இரண்டு பேர் உட்காரும் சீட்டில்தான் உட்காருவேன் சார். பக்கத்தில் யாராவது வந்து உட்காருவார்கள். மகன் ரமணாவுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது; பேரனைப் பார்த்துக்கொள்ளப் போன என் மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் நான் ஒருத்தன்தான்.

இந்தத் திருப்பதி ரோடு தொழிற்சாலையில், கம்பெனி ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்த தொண்ணூற்றெட்டிலிருந்து கான்பான் என்கிற அட்டைக் கணக்கு போடுவது என் வேலை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பெட்டித் தகடு காலியானால் அதிலிருக்கும் அட்டை, தகடு அடிக்கும் பிரஸ் மிஷினுக்குத் திரும்பும். அட்டை வந்தால்தான் அடுத்த பெட்டிக்குத் தகடு அடிக்கலாம். மணிக்கு எத்தனை தகடு வேண்டும், ஓர் அட்டை சுற்றி வர எவ்வளவு நேரமாகும், இரண்டையும் பெருக்கி, ஆத்திர அவசரத்துக்குக் கொஞ்சம் கூட்டி, ஒரு பெட்டி கொள்ளும் தகடால் வகுக்க வேண்டும். ஒன்பது வந்தது. ஒன்பது அட்டையும் ஓடியவரை என் அறையை ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

இரண்டை எடுத்து இழுப்பறையில் போட்டேன். பிரஸ் ஓட்டும் தனராஜ் அன்றைக்கே வந்தான்.

"சார், அட்டை ஒண்ணு குடுங்க. லைன்ல தகடு இல்லன்னு கத்திக்கினு இருக்காங்க."

தேடுவதுபோல் நேரம் கடத்திப் பேச்சுக் கொடுத்தேன். பங்காருபாளையத்துக்காரன். சர்ச்சில் பாடுகிறவன். மறுநாள் மாம்பழம் கொண்டுவந்து, "எங்க ஊரு பழம், துன்னு பாருங்க சார்" என்றான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

ஒருநாள் அவன் சிரிக்காமல் வந்தான். "அட்டை பத்தாம லைன் எப்பவும் காத்துக்கினே கீது. தகடு சிக்கினா மிஷினை நிறுத்தி எடுக்க டைம் இல்ல சார். ஓடறப்பவே கைய வுட்டு எடுக்கறேன். என்னைக்கோ கை பூடும். கணக்கைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். ஏழு அட்டை ஓடும்போது அவன் நாளைக்கு ஒரு தடவைதான் என் அறைக்கு வந்துகொண்டிருந்தான். அதனால் இன்னொன்றையும் எடுத்தேன்.

அந்த வாரம் அடிக்கடி வந்தான். சனிக்கிழமை அவன் வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

விபத்து விசாரணை அறிக்கையில் தொழிலாளி அவசரப்பட்டான் என்று நீங்கள் எழுத வேண்டாம் சார். அட்டைகளை எடுத்தது நான். என்ன ஆகும் என்று தெரிந்தே எடுத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், மேனேஜரிடம் நான்தான் பேசி, அவனுக்கு அட்டை அடுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. புது இடம், கூச்சமாக இருக்கும். பழகிவிடுவான்.