முத்திரை குத்தாத காயில்

நான்: சிரிக்காதே! காயில் வாங்க வந்தவரோட சட்டைக் கை கருகிப்போச்சு.

தங்கச்சி: யாரு சிரிச்சா? எரிச்சல்ல இருக்கேன். உன்னை யாருண்ணா சுவிட்சைப் போடச் சொன்னா?

நான்: முதலாளிதான். "நாம கம்பி சுத்தின காயில் ஒண்ணை லிஃப்ட் ஓட்டுற ரிலேயில மாட்டிக் காட்டுப்பா"ன்னாரு. காட்டினேன்... புகையோட.

தங்கச்சி: என் மேசைக்கு அடியில இருந்ததை ஏன் எடுத்தே?

நான்: நான் சுத்தினதை நான் எடுக்கக் கூடாதா?

தங்கச்சி: நான் செக் பண்ணி முத்திரை குத்தினது மேல இருந்துச்சே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா...

நான்: பேச்சை மாத்தாதே. பிரிச்சுப் பார்த்தாங்க. கம்பி மேல பூசின எனாமல் உரிஞ்சு செம்பு பல்லிளிக்குது. சுத்தோட சுத்து ஒட்டி ஷார்ட். இதே கை சுத்தினதெல்லாம் லிஃப்ட்டுக்குப் போயிருக்குடி! நடுவுல நின்னா உள்ளே இருக்கிறவன் கதி?

தங்கச்சி: நிக்காது.

நான்: ஜோசியமா?

தங்கச்சி: போனதெல்லாம் நல்ல காயில்.

நான்: அதெப்படி? ஒரே மிஷின், ஒரே கை. இப்பவே முதலாளிகிட்டப் போறேன். எல்லாத்தையும் திருப்பி வரவழைக்கட்டும்.

தங்கச்சி: போகாதே!

நான்: கையை விடு.

தங்கச்சி: உன் வேலை போயிடும்ணா.

நான்: போகட்டும்! எவன் உயிராவது போறதுக்கு அது தேவலை.

தங்கச்சி: கத்தாதே... எல்லாரும் பார்க்கிறாங்க.

நான்: பார்க்கட்டும். ஊர் காயிலையெல்லாம் திருப்பியடிக்கிறே. உன் செருப்புச் சத்தம் கேட்டாலே பக்கத்து மிஷின்காரன் கழிப்பறைக்கு ஓடுறான். என்னோடது மட்டும் ஒண்ணுகூடத் திரும்பலை. நானும் பெரிய வித்தைக்காரன்னு மீசையை முறுக்கிட்டுத் திரிஞ்சேன், மடையன்! அண்ணன்னு சலுகை காட்டினியா?

தங்கச்சி: சலுகையா? இந்த விரலைப் பாரு.

நான்: என்னது... இவ்வளவு கீறல்?

தங்கச்சி: கம்பி அறுத்தது.

நான்: செக்கருக்குக் கம்பியில என்ன வேலை?

தங்கச்சி: முதல்ல உன் மிஷினைப் போய்ப் பாரு.

நான்: சுத்தி வளைக்காதே! நேரா ஒரு பதில் சொல்லு.

தங்கச்சி: உன் மிஷின்ல கம்பி, அது ஓடுற கப்பியை விட்டு இறங்கி விளிம்புல உரசுது. உன் கண்ணுக்குத் தெரியலை. கம்பி முனையையே விரலால தடவித்தான் தேடுறே. நான் கவனிக்கலைன்னு நினைச்சியா? கண்ணாடி போடுன்னு பேச்செடுத்தாலே, "கிழவனாக்கிட்டியா"ன்னு பாயுறே. நீங்கள்லாம் சாப்பிடப் போனப்புறம், நீ சுத்தினதை மேசைக்கு அடியிலேர்ந்து எடுத்துப் பிரிச்சுப்போட்டு, புதுக் கம்பியில நான்தாண்ணா சுத்தி அனுப்புறேன்.