கதவுக்கு வெளியே டாக்டர் சொன்னது

எனக்கு வெந்நீர் இல்லாமல் குளிக்க வராது. உன் அம்மாவுக்கு அது தெரியும், ஒருநாளும் கேட்க வைத்ததில்லை. அவள் எப்படிப் போனாள் என்று நீ விடாமல் கேட்கிறாய் மகளே, அதனால் சொல்கிறேன். நடுவில் அழாதே, எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

அவள் இடது கால் வீங்கித் தூண் மாதிரி ஆனது. மினுமினுவென்று தோல். பார்க்கவே குமட்டியது. ஆஸ்பத்திரியில், ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். டாக்டர் அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு என்னை மட்டும் கதவுக்கு வெளியே கூப்பிட்டார். அப்படித்தானே செய்கிறார்கள். சீக்கு ஒருத்தருக்கு, சேதி இன்னொருத்தருக்கு.

"பெரியவரே, அடிபடல, படுத்த படுக்கையாவும் இல்ல. காரணமே இல்லாம உறைஞ்சிருக்கு. எடை குறைஞ்சிருக்கு, ரத்தமும் கம்மி. இப்படி இருந்தா சிலருக்கு உள்ள புற்றுநோய் ஒளிஞ்சிருக்கும். ஸ்கேன் எடுத்துடலாம். இப்பவே தெரிஞ்சா காப்பாத்த வாய்ப்பிருக்கு."

"அவ பயந்தவ. நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றேன்.

உள்ளே போய், "ஒண்ணுமில்லையாம், மாத்திரை போதுமாம்" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஒண்ணுமில்லைங்கிறதுக்கா இவ்வளவு நேரம்? பாவம் டாக்டர், உங்ககிட்ட மாட்டிக்கிட்டாரா?"

டாக்டரிடம், அவள் ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்கிறாள் என்றேன். அவர் அவளைக் கேட்கவே இல்லை. அதற்கு நானா பொறுப்பு?

டாக்டர்களை நான் நம்புவதில்லை. இல்லாததைத் தேடி அறுப்பார்கள். அப்புறம் வாந்தி, வாளி, நாற்றம். என் அண்ணன் அப்படிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அதையெல்லாம் யார் அள்ளுவது? அடுப்பை யார் பார்ப்பது?

சில மாதத்தில் நாற்றம் எப்படியும் வந்தது. அவள் கண் மஞ்சளானது.

"இன்னொரு தடவை டாக்டரைப் பார்க்கலாமாங்க?"

"அவர்தான் ஒண்ணுமில்லைன்னுட்டாரே. சீக்காளின்னு பேர் வாங்க ஆசையா உனக்கு?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு என் கட்டிலை வெளி அறைக்கு இழுத்துப் போட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வெந்நீர் மட்டும் வைத்துவிட்டுப் போவாள். கடைசி வரைக்கும் வைத்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவள் போன பிறகு என் கால் லேசாக வீங்கியது. அன்றைக்கே அதே டாக்டரிடம் ஓடினேன். "யாரையும் வெளிய கூப்பிட்டுப் பேசாதீங்க. எங்கிட்டயே சொல்லுங்க" என்றேன். நானே கேட்டு ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். உள்ளே சுத்தமாம்.

எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வெந்நீர் போடத்தான் ஆளில்லை. நீ எப்போது வருகிறாய்?