தொண்ணூற்றெட்டு விழுக்காட்டுக் குற்றம்

மேடையின் நடுநாற்காலியில் நிறைந்து வீற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, அவருக்கு வலப்புறம் கைபேசியை மடியில் மறைத்துவைத்தபடி இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதவள அதிகாரி அவர்களே, இந்த அட்டைப்பெட்டி ஆலையின் முதல் பெட்டியைத் தம் கையால் ஒட்டிய மூத்தவர்களே, நாம் தயாரிக்கும் அத்தனையையும் மடித்துக் கட்டி அனுப்பும் பேக்கிங் பிரிவுத் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் லோடிங் பிரிவு நண்பர்களே, அனைவருக்கும் தொழிலாளர் நலச் சங்கத்தின் சார்பில் அடியேனின் வணக்கம்.

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை நான்கு இருபதுக்கு இந்த ஆலையில் ஒரு வரலாறு நிகழ்ந்தது. நிர்வாகக் குழு கூடியது. கதவு சாத்தப்பட்டது. இரண்டு முறை தேநீர் உள்ளே போனது. ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்த தீர்மானம் இது: அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இனி 'சரி' என்று எழுத வேண்டியதில்லை, கட்டைவிரல் போட்டால் போதும். எத்தனை பேர், எத்தனை ஆண்டு, எத்தனை சரி எழுதி விரல் தேய்ந்திருப்போம்? அந்தத் தளை அறுந்தது.

பின்வரிசையில் ஒருவர், "ரெண்டு விரல் போட்டா?" என்று கேட்கிறார். ஐயா, அது துணைக்குழுவின் பரிசீலனையில் இருக்கிறது.

இத்தகைய பொற்காலத்தில்தான் வேலையும் தொழில்நுட்பமும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். முன்பு இங்கே ஆள் எடுத்தது எப்படி? வாசலில் ஒரு பலகை தொங்கும். வந்தவர் கையில் ஃபோர்மன் ஒரு ஸ்பேனரைக் கொடுப்பார். பிடிக்கிற பிடியைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார். அப்படிப் பிடித்தவர்களில் மூன்று பேர் அவருடைய மைத்துனர்கள் என்பது வேறு விஷயம். இன்று மைத்துனருக்கு வழியே கிடையாது. பதிவு போடுகிறோம், படம் போடுகிறோம், செயலியிடம் விட்டுவிடுகிறோம். சென்ற மாதம் 'நாங்கள் ஒரு குடும்பம், எங்களோடு வளர வாருங்கள்' என்று நம் ஆலை இட்ட பதிவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். அதில் முந்நூறு பேர் ஏற்கெனவே குடும்பத்தில் இருப்பவர்கள். போடச் சொன்னார்கள், போட்டோம்.

அந்தப் பதிவு எதற்கு? ஒரு பராமரிப்பு மெக்கானிக் வேலைக்கு. நிரந்தர வேலை. அதே வேலையை ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் செய்துவருபவர் இதோ மூன்றாம் வரிசையில் சட்டைப்பையில் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறார். காது என்றுதான் நாம் கூப்பிடுகிறோம். வெட்டு இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் தலையைச் சாய்த்து நிற்பார். "இடது பக்கத்து பேரிங். புதன்கிழமை வரைக்கும் தாங்கும்" என்பார். புதன்கிழமை வரை தாங்கும். வியாழக்கிழமை காலை சத்தம் போடும். அவருடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நிரந்தர வேலை கிடைத்தால் இருப்பார், கிடைக்காவிட்டால் போவார்.

புதிய மென்பொருள் மிக நேர்மையானது. வருபவர் யாராக இருந்தாலும் திரையில் அதே இருபது கேள்விகளைக் கேட்கும். பதிலை மாதிரி விடையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். ஆனால் மாதிரி விடையை நாம்தான் கொடுக்க வேண்டும். நம் ஆலையில் இயந்திரம் தெரிந்தவர் யார்? மனிதவள அதிகாரி காதைக் கூப்பிட்டார்.

"அண்ணா, ஒரு சின்ன உதவி. இந்த இருபது கேள்விக்கும் நல்ல மெக்கானிக் என்ன சொல்லுவாரோ, அதைச் சொல்லுங்க."

"எனக்கு எழுத வராதும்மா."

"நீங்க பேசுங்க, நான் டைப் பண்ணிக்கிறேன்."

அவர் பேசினார். பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது, எண்ணெய் எப்போது விடுவது, பிளேடில் அட்டை சிக்கினால் முதலில் என்ன செய்வது எல்லாம் சொன்னார். அதிகாரி ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்தார். அந்தக் கடமையுணர்வை இந்த மேடையில் பாராட்டுகிறேன். இரண்டு சொல் விட்டிருந்தால் எனக்கு இன்று பேச எதுவும் இருந்திருக்காது.

பத்து நாள் கழித்துக் காது விண்ணப்பித்தார். திரைக்கு முன் உட்கார்ந்து, தாம் செய்வதைச் சொன்னார். நான்கு நிமிடத்தில் முடிவு வந்தது. மாதிரி விடையோடு தொண்ணூற்றெட்டு விழுக்காடு ஒற்றுமை, விண்ணப்பதாரர் விடைகளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், நிராகரிக்கப்பட்டார். மீதி இரண்டு விழுக்காடு இருமல்.

"அது நான் சொன்னதுதானேம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரியுதுண்ணா. ஆனா சிஸ்டத்துல அதை யார் சொன்னாங்கன்னு போட இடமே இல்லையே. இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவர் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். முதலில் நன்றாகச் சிரித்திருக்கிறார்.

"உங்களைப் பார்த்து நீங்களே காப்பியடிச்ச ஒரே ஆள் நீங்கதான். சரி, மாத்திச் சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"பிளேடு சிக்கினா முதல்ல மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணணும். இதுல எதை மாத்துறது? கையை விட்டுப் பாக்கணும்னு சொல்லவா?"

"சொல்லிட்டு வாங்க. மெஷின்கிட்டதானே சொல்றீங்க."

"கேக்குறது மெஷின்தான். நாளைக்கு அதை நம்பிக் கையை விடுறவன் மனுஷன்."

காது இரண்டாம் முறையும் திரைக்கு முன் உட்கார்ந்தார். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்றே சொன்னார். தொண்ணூற்றேழு விழுக்காடு. அன்று இருமல் சற்று அதிகம்.

அவையோரே, இயந்திரத்தின் மேல் குற்றமா? அது சொன்னதைச் செய்தது. அதிகாரியின் மேல் குற்றமா? அவர் கேட்டதை எழுதினார். செய்தி குழுவில் வந்தபோது நாம் என்ன செய்தோம்? அழுகிற முகம் நூற்று நாற்பது, கூப்பிய கை அறுபது. அந்த நேரத்தில் காது வெட்டு இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து ஒரு வார்த்தை கேட்டவர் யார்? நடந்துபோனவர் யார்? நானும் அழுகிற முகம் போட்டுவிட்டு நடந்துபோனவன்தான்.

ஆகவே மேலாளர் அவர்களே, சங்கம் கேட்பது ஐந்தே நிமிடம். கீழ்த்தளத்துக்கு வாருங்கள். இயந்திரத்தை ஓடவிடுங்கள். அவர் பக்கத்தில் நில்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். வேலை தெரிந்தவரை வேலை நடக்கும் இடத்தில் பாருங்கள். கேட்கிற காது ஒன்பது ஆண்டாக அங்கே இருக்கிறது. அதைக் கேட்க ஒரு காது வேண்டும், ஒரே ஒரு காது.

கைதட்டலுக்கு நன்றி. மேலாளர் பரிசீலிப்பதாகத் தலையசைக்கிறார், அவருக்கும் நன்றி. நாற்காலி போட்டவர்களுக்கும், ஒலிபெருக்கியை இதுவரை விசிலடிக்காமல் காத்தவருக்கும், பொறுமையாக உட்கார்ந்திருந்த உங்கள் அனைவருக்கும் நன்றியும் வணக்கமும் கூறி அமர்கிறேன். இன்று காலை கிடைத்த ஒரு தகவலை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் ஆலையின் மாதிரி விடைகள் மிகத் தரமாக இருப்பதால், மென்பொருள் நிறுவனம் அவற்றை மேலும் பதினொரு ஆலைகளுக்குக் கொடுத்திருக்கிறது. அவற்றில் மூன்றுக்கு நம் காது விண்ணப்பித்திருந்தார். மூன்றிலிருந்தும் பதில் வந்துவிட்டது.