பின்னால் பார்த்து நடந்தவர்

ராத்திரி எட்டு மணி. சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகும் மண் ரோடு. ஒரு பக்கம் கருவேலங்காடு, மறுபக்கம் வெறும் கரிசல்... விளக்கு கிடையாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சித்தியோடு தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த செல்லக்கனிக்கு நடந்தது. அறுபத்து மூன்றாம் வருஷம். அவளுக்குப் பத்தொன்பது வயது.

அவள் அப்பாவை ஊர் கண்டதில்லை. ஊர்க்காவலன் என்று ஒருவர் மதுரையில் தாலி கட்டினார், குண்டு போடும் விமானத்தில் பர்மா சண்டைக்குப் போனார், திரும்பவில்லை. அம்மா சின்னத்தாய் சொன்னது இவ்வளவுதான். 'ஏரோப்ளேன் மாப்பிள்ளை' என்று ஊர் சிரித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மூடியே தீருவேன் என்று கிளம்பினாள் செல்லக்கனி. கம்பெனிக் கணக்கர் காளிராஜைப் பிடித்து, அப்பாவைப் பற்றிக் கேட்டு டெல்லி விமானப்படை ஆபீசுக்கு இங்கிலீஷில் கடிதம் போட்டாள். ஒன்றல்ல, ஏழு.

ஏழாவது கடிதம் போட்ட அன்றைக்குத்தான், வேலை விட்டு அந்த மண் ரோட்டில் ஊருக்கு நடந்து வரும்போது... பின்னால் சத்தம். சர்ர்... டொக். சர்ர்... டொக். பூட்ஸ் கால்.

திரும்பினாள். பத்தடி தள்ளி ஓர் ஆள். சித்திரை வெக்கையில் தோல் கோட்டு. அவளுக்கு முதுகைக் காட்டியபடி, பின்பக்கமாகவே நடந்து வருகிறார். கருகின பெட்ரோல் வாடை. அவள் நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார். முகத்தைக் காட்டவே இல்லை.

தினமும் வந்தார். விடிந்து பார்த்தால் புழுதியில் பூட்ஸ் தடம், குதிகால் ஊரைப் பார்த்து. சின்னத்தாய் பயந்துபோய்ப் பேயோட்டும் கோடாங்கி மொக்கைச்சாமியை அழைத்து வந்தாள். செல்லக்கனி உடுக்கையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"யாருன்னு தெரியாம விரட்ட விடமாட்டேன். நீங்க போயிட்டு வாங்க."

ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஊர்க்காவலன் என்று ஒருவர் இருந்தார், நாற்பத்து நாலில் விமானத்தோடு போனவர், மனைவி பிள்ளை என்று பதிவில்லை. அதோடு, அதே படையில் வேறு விமானம் ஓட்டியவர் ஒருவர் கைப்பட எழுதிய தாள். காளிராஜ் படித்துச் சொன்னார்: இரண்டே பேர் போகும் விமானம். ஓட்டுகிறவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, பின்னாலேயே பார்த்துக் காவல் காப்பது ஊர்க்காவலன் வேலை. தோளில் இரண்டு வார் போட்டு இறுக்கியிருக்கும். அப்படியே எரிந்துபோனார்.

காளிராஜ் தாளை மடித்து நீட்டினார். அவள் வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"பதிவுல இல்லேன்னா இல்லாமப் போகட்டும்ணே. ரோட்டுல இருக்காக."

அன்று ராத்திரி அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னாள். பூட்ஸ் சத்தம் நெருங்கியது... நெருங்கியது... அவள் முதுகில் ஒரு முதுகு சாய்ந்தது. ஐஸ் கட்டி. வீடு வரைக்கும் அப்படியே நடந்தார்கள். விளக்கில் பார்த்தால், ரவிக்கை முதுகில் கருகின இரண்டு வார்த் தடம். சின்னத்தாய் அந்த ரவிக்கையை அன்றைக்கே குழிதோண்டிப் புதைத்தாள்.

ஆவணியில் நிச்சயதார்த்தம். நிறைந்த சபையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்டார்.

"பொண்ணோட தகப்பன் யாரு?"

சின்னத்தாய் தலைகுனிந்தாள். எங்கிருந்தோ பெட்ரோல் வாடை... செல்லக்கனிக்கு முதுகு சில்லிட்டது. எழுந்தாள். சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முந்தானையை விலக்கினாள்.

"இவுகதான் எங்கப்பா."

இரண்டு வார்த் தடம். யாரும் வாய் திறக்கவில்லை.

அவள் போட்டிருந்தது, அன்று காலையில்தான் தையல்காரர் கொடுத்துவிட்ட புது ரவிக்கை.