காயாத பூச்சு

ஜூலை மாதத்தில் கார் ஓட்டுவதற்கு முன்னால் நான் அடுப்படிக் கையுறையை மாட்டிக்கொள்வேன். சூடான தட்டை அடுப்பிலிருந்து இறக்குவதற்கென்று விற்கிறார்களே, அதே தடித்த கையுறை. அது இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். அரிசோனாவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவளுக்கு இது சிரிப்பாக இல்லை.

என் பெயர் லவோன் ஹட்டிக். சில்வர் மெஸா குடியிருப்பின் ஆடுகளக் குழுவுக்கு நான்தான் தலைவி. பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்டு ஓய்வுக்கு வந்தவர்கள் வீடு வாங்கும் இடம் அது. உங்கள் அம்மாவும் அப்படி ஓர் இடத்தில்தான் இருக்கிறார் என்று நேற்றுச் சொன்னீர்கள், அதிகாரி. அங்கேயும் ஒரு கிறுக்கி காலையில் எழுந்ததும் ஆடுகளத்துத் தூசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருப்பாள். அவளைக் கேட்டுப் பாருங்கள். புழுதிப் புயல் அடித்த மறுநாள் கழுவாமல் விட்டால் ஷூக்கள் அந்த மணலை வைத்துத் தளத்தைத் தேய்த்துவிடும். வெயில் நிறத்தைத் தின்னும். வலையை இழுத்துக் கட்டும் பட்டி ஒரே கோடையில் பொடிந்து கையோடு வரும். இதையெல்லாம் நான் யாரும் சொல்லிச் செய்யவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

முன்பு எங்களிடம் ஐந்து டென்னிஸ் தளங்கள் இருந்தன. அப்புறம் பிக்கிள்பால் வந்தது. சின்ன மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, காலை முழுக்க டக் டக் என்று மண்டையில் ஆணி அடிக்கிற சத்தம். ஒரு டென்னிஸ் தளத்தை அழித்தால் பிக்கிள்பாலுக்கு நான்கு தளம் கிடைக்கும். ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதையும் கொடுத்துவிட வேண்டும் என்று கிளம்பியவர்தான் வெண்டல் டோர்விக்.

மின்னசோட்டாவிலிருந்து வந்தவர். இரண்டு முழங்காலும் மாற்று முழங்கால், ஆனால் வாய் மட்டும் அசல். குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தார். மனைவி போனபிறகு அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். இந்த வருடம்தான் அவருக்கு முதல் கோடை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

மார்ச் மாதக் கூட்டத்தில் அவர் எழுந்தார். தளத்துக்குப் புதுப் பூச்சு கருநீலத்தில் வேண்டும் என்றார். வெளிர் நிறம்தான் இங்கே சரிப்படும், கருநீலம் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்று நான் சொன்னேன்.

"காஞ்ச வெயில்தானேங்க, ஈரமா கசகசன்னு இருந்தாத்தான் கஷ்டம்" என்றார். "டிவியில வர்ற மாதிரி பளிச்சுனு இருக்க வேணாமா?"

கருநீலம் என்று முடிவாயிற்று. அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கோடைக்கு வெளியூர் போகிறவர்கள் எல்லோரும் அக்டோபரில் திரும்பி வந்ததும் கடைசி டென்னிஸ் தளத்தைப் பற்றி ஓட்டெடுப்பு நடத்தலாம் என்றார். நான் எதிர்த்தேன். அவர் என் பக்கம் திரும்பி, மைக்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"லவோன், கோவிச்சுக்காம சொல்லுங்க. உங்ககூட டென்னிஸ் ஆட உசிரோட யாரு மிச்சம் இருக்கா? மகாராணி ஒத்தை ஆளுக்கு ஒரு மைதானமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கையைத் தட்டிச் சிரித்தார்கள். தங்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது நான் வாரக்கணக்கில் சூப் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர்களும் அதில் இருந்தார்கள். என் கணவர் அந்தத் தளத்தில் ஆடியவர்தான். டோலோரஸ் ஆடினாள், ஹாப்கின்ஸ் தம்பதி ஆடினார்கள். இன்று அவர்களில் யாரும் இல்லை என்பது உண்மைதான். உண்மையைச் சொன்னதற்காக ஒருவரை வெறுக்கக் கூடாது என்று அன்று வீட்டுக்குப் போய் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். வயிறு எரிந்ததுதான். ஆனால் நான் செய்தது அதற்காக இல்லை. தளத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கோடையில் எங்கள் குடியிருப்பில் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடக்கும். அதனால்தான் பூச்சு வேலையை அப்போது வைத்துக்கொள்கிறோம். ரமீரோ என்று ஒருவர் தன் ஆட்களோடு விடியுமுன் வந்து, தளத்தைத் தண்ணீர் விட்டுக் குளிர வைத்து, வெயில் ஏறுமுன் பூசிவிட்டுப் போய்விடுவார். போகும்போது வழக்கம்போலச் சொன்னார்.

"காயற வரைக்கும் ஷூ போட்டு மிதிக்க விடாதீங்கம்மா, தடம் விழுந்துரும். பாத்தே ஆகணும்னு யாராச்சும் அடம் பிடிச்சா சாக்ஸோட விடுங்க. அதுவும் விடியக்காலையில மட்டும். வெயில் வந்துருச்சுன்னா நாய்கூட உள்ள போகக் கூடாது."

இதில் பாதியைத்தான் நான் வெண்டலிடம் சொன்னேன்.

அவர்தான் என்னைக் கூப்பிட்டார். கோடு போடுகிறவர்கள் வருமுன் தளத்தை அளந்து பார்க்க வேண்டுமாம். நான்கு பிக்கிள்பால் தளம் எப்படி அமையும் என்று படம் வரைந்து அக்டோபரில் காட்டப் போகிறாராம். பூச்சு இன்னும் காயவில்லை, ஆனால் அளந்துகொள்ளுங்கள் என்றேன். பிற்பகல் ஒரு மணிக்கு வரச் சொன்னது நான்தான். அந்த நேரத்தில் நாயை நடத்துகிறவர்கள்கூட வெளியே வருவதில்லை.

வந்தார். அரைக்கால்சட்டை, கையில் அளவு நாடா, காலில் மின்னசோட்டாவிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சாக்ஸ். தளத்தின் வாசலில் கட்டியிருந்த சிவப்பு நாடாவை நான் அவிழ்த்துவிட்டேன்.

"ஷூவைக் கழட்டுங்க வெண்டல். பூச்சு இன்னும் ஈரம்."

"கோவிலுக்குள்ள போற மாதிரில்ல இருக்கு" என்றார். கழற்றினார்.

"போனையும் சாவியையும் குடுங்க. கீழ விழுந்தா கீறல் விழும். கீறல் விழுந்தா உங்க ஆளுங்களே உங்களுக்கு ஓட்டுப் போட மாட்டாங்க."

"மகாராணி உத்தரவு" என்று சொல்லிவிட்டு இரண்டையும் என் கையில் கொடுத்தார். அன்று அவர் நல்ல மனநிலையில்தான் இருந்தார். தொப்பியைக்கூட என்னைப் பார்த்து ஒருமுறை தூக்கி வைத்தார்.

வாசலை ஒட்டி நிழல் துணி கட்டியிருக்கிறோம். அதன் கீழே நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. கம்பளியும் கொஞ்ச தூரம் தாங்கும். அவர் நடுவரைக்கும் போனார். வலையைக் கழற்றி வைத்திருந்ததால் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. நாடாவின் நுனியைத் தரையில் வைக்க ஒரு முழங்காலை ஊன்றினார். வெறும் முழங்கால். ஊன்றிய வேகத்தில் துள்ளினார், கையை ஊன்றினார், கையும் சுட்டது, பக்கவாட்டில் விழுந்தார்.

இங்கே இருப்பவர்களுக்கு அது தெரியும். தபால்பெட்டி வரைக்கும் நடந்துபோய்த் தடுக்கி விழுந்த கிழவிகளை எங்கே சேர்க்கிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எலும்பு முறிவுப் பிரிவில் இல்லை, தீக்காயப் பிரிவில். விழுந்தவரால் எழ முடியாது, எழ வேண்டுமானால் தரையில் கை வைக்க வேண்டும், கை வைக்க முடியாது. வெண்டலுக்கு இது தெரியாது. யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம்.

"ஐயோ, சுடுது. லவோன், எந்திரிக்க முடியல. ஷூவைத் தூக்கிப் போடுங்க."

ஷூவைப் போட்டால் தளத்தில் தடம் விழும் என்றேன்.

"என்னங்க பேசறீங்க? தண்ணிக் குழாய் அங்கதான இருக்கு, தண்ணியாவது அடிங்க."

காயாத பூச்சில் தண்ணீர் பட்டால் கொப்புளம் கட்டும் என்று விளக்கினேன். நிதானமாகத்தான் விளக்கினேன். அவர் ஓரத்தில் நின்ற வலைக் கம்பம் வரை உருண்டு போய் அதைப் பிடித்தார். இரும்பு. பிடித்த கையை உடனே விட்டார். அப்புறம் என்னை மகாராணி என்று கூப்பிடவில்லை. "அம்மா, தாயே" என்றார். "உங்க கோர்ட்ட நீங்களே வெச்சுக்கங்க. ஓட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். கையைக் குடுங்கம்மா."

ஆகவே தளம் காப்பாற்றப்பட்டுவிட்டது. நான் விரும்பியது அதுதான் என்றால், அந்த நொடியே உள்ளே போய் அவரைத் தூக்கியிருக்க வேண்டும். நேற்று நீங்கள் இதைத்தான் சொன்னீர்கள். இரவெல்லாம் யோசித்தேன். அவர் கெஞ்சியது கேட்க எனக்கு நன்றாக இருந்தது என்பதுதான் பதில். மார்ச் மாதம் சிரித்தவர்கள் எல்லோரும் வந்து கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

போன் கையில் இருந்ததே, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். எடுத்தேன். வெப்பம் எவ்வளவு என்று பார்த்தேன். பிறகு நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், எனக்கும் வயதாகிறது. அவர் குரல் அடங்க நான் நினைத்ததைவிட நேரமானது. முதலில் வார்த்தைகள் நின்றன, அப்புறம்தான் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். விலாசத்தைத் தெளிவாகச் சொன்னேன். போனில் பேசிய பெண் எனக்கு ஆறுதல்கூடச் சொன்னாள்.

அவர்கள் வந்தார்கள். கனமான பூட்ஸோடு தளத்தின் குறுக்கே ஓடினார்கள், தூக்குப் படுக்கையைத் தரையில் போட்டார்கள், இழுத்தார்கள். முதல் நாள் உங்களிடம் நான் சொன்ன கதையில் எல்லாம் சரியாக இருந்தது. வயதான பெண், காயாத பூச்சு, தொழில் தெரிந்தவர் போட்ட விதி, பயத்தில் கை கால் ஓடவில்லை. நீங்களும் என் தோளைத் தட்டிக் கொடுத்தீர்கள். நேற்றுத்தான் திரும்பி வந்து, தளத்தில் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்.

"இத்தனை பேர் பூட்ஸ் போட்டு மிதிச்சிருக்காங்க. ஒரு தடம்கூட விழலியேம்மா?"

விழாதுதான். ரமீரோ பூசி முடித்தது அதற்கு முந்தைய வாரம். இந்த வெயிலில் பூச்சு காய ஒரு நாள் போதும். வாசலில் சிவப்பு நாடாவைக் கட்டியது நான், வெண்டல் வந்த அன்று காலையில். கட்டுவதற்கு முன்னால் ஷூ போட்டுக்கொண்டு உள்ளே போய், கூடை நிறையப் பந்து வைத்துக்கொண்டு தனியாக சர்வீஸ் போட்டுப் பார்த்தேன். பந்து நன்றாக எழும்பியது.