கை மேல் உட்கார்ந்த டீச்சர்

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, மறைந்த டீச்சரின் கணவர் அவர்களே, மகள் அவர்களே, பெற்றோர்களே, உடன் பணியாற்றும் தோழர்களே! செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டு வந்து, முன்வரிசையில் தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு, "எப்ப முடியும்?" என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் சின்னஞ்சிறு நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம். நண்பர்களே, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மேடையில் நிற்கும் பெரியவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வோம், நம்பிவிடாதீர்கள்.

இருபத்தாறு ஆண்டுகள் நம் மழலையர் பள்ளியின் ஆசிரியையாக இருந்தவருக்கு இரங்கல் தெரிவிக்கக் கூடியிருக்கிறோம். அழைப்பிதழில் அவருடைய முழுப்பெயரும் பட்டங்களும் அச்சாகியிருக்கின்றன. ஆனால் இங்கே எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்லி அவரை அழைத்திருக்கிறோம்? 'பொறுங்க டீச்சர்' என்றுதானே அழைத்தோம்! அவர் 'பொறுங்க' என்ற சொல்லைக் குழந்தைகளிடம் சொல்லி நான் கேட்டதில்லை. அவசரப்பட்ட அம்மாக்களிடம் சொன்னார். அப்பாக்களிடம் சொன்னார். மேற்பார்வையாளராகிய என்னிடம்தான் அதிகம் சொன்னார். பெற்றோர் கேலியாக வைத்த அந்தப் பெயரைத்தான் குழந்தைகள் அவருடைய சொந்தப் பெயர் என்று நம்பினார்கள்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் கைக்கடிகாரத்தையும் தெரியும். எட்டு ஆண்டுகளுக்கு முன் பொறுப்பேற்றபோது, முதல் வேலையாக அவர் வகுப்பைப் பார்க்கப் போனேன். பள்ளி முடியக் கால் மணி நேரம் இருந்தது. என்ன கண்டேன்? தரையெல்லாம் செருப்பும் ஷூவும்! ஒரு குழந்தை ஷூவைக் கையில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று இரண்டு கால்களையும் ஒரே சாக்ஸுக்குள் நுழைத்துக்கொண்டு எழுந்திருக்க முயன்றது. டீச்சரோ குட்டை பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் நின்றேன், பொறுமை போய்விட்டது. 'ஆசிரியை கைகட்டி வேடிக்கை பார்க்கிறார்' என்று ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

அதைப் படித்துவிட்டு அவர் கோபப்பட்டாரா? இல்லை. "கை கட்டலையே மேடம், கை மேலதான் உக்காந்திருந்தேன்" என்றார். உண்மைதான், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். "விட்டா இந்தக் கை அது பாட்டுக்கு ஓடிப் போய் மாட்டி விட்டுடும்."

அவர் சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன். மூன்று வயதுக் குழந்தைக்குக் கழற்றுவது சுலபம், மாட்டுவது மலை. எந்தக் குழந்தை முயல்கிறது, எது களைத்துவிட்டது, எதற்கு இன்னும் ஒரு நொடியில் அழுகை வரும் என்று அவர் கண் அலைந்துகொண்டே இருக்கும். அழுகைக்கு ஒரு நொடி முன்னால் ஒரு கை மட்டும் வெளியே வரும். ஷூவின் வாயை விரித்துப் பிடித்து, "நான் பிடிச்சுக்கறேன், நீ தள்ளு" என்பார். கால் உள்ளே போனதும் அந்தக் கை பழைய இடத்துக்குப் போய்விடும். கோபத்தில் செருப்பை வீசிய குழந்தையிடம், "கோவம் வந்துடுச்சா? எனக்கும் வரும்" என்பதோடு சரி. கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தையே போய்ச் செருப்பை எடுத்து வரும். ஷூவின் ஒட்டுப் பட்டையை இழுக்கப் பழகும் விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும் என்று நம் பயிற்சிப் புத்தகங்களில் இருக்கிறது. கோபம் ஆறக் கற்றுக்கொள்ளும் மனதைப் பற்றி அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் வரிசையில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மகளை வீட்டில் 'சின்ன மேடம்' என்று கூப்பிடுவார்கள், அதிகாரம் அப்படி! சென்ற ஆண்டு அவர் தினமும் வந்து மகளை ஒரு கையிலும் ஷூவை மறு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடப் பார்ப்பார். "டீச்சர், டூட்டிக்கு நேரமாச்சு!" என்பார். "பொறுங்க!" என்பார் டீச்சர். ஆறு வாரம் இந்தக் கூத்து நடந்தது. ஏழாவது வாரம் சின்ன மேடம் தானே ஷூ மாட்டிக்கொண்டு, இடதும் வலதும் மாறிப்போன கால்களோடு, ராணி போல நடந்து வந்தாள். அப்பா மாற்றிவிடக் குனிந்தார்.

"பொறுங்க. சரியா இருக்கான்னு அவ கால் அவகிட்ட சொல்லும்" என்றார் டீச்சர்.

பிறகு நடந்ததை ஓட்டுநரே என்னிடம் சொன்னார்: "பாதி வழியில நடைபாதையில உக்காந்துட்டா மேடம். அவளாவே கழட்டி, அவளாவே மாத்திக்கிட்டா. அன்னிக்கு வண்டிய பத்து நிமிஷம் லேட்டாதான் எடுத்தேன். பயணிங்க எல்லாம் திட்டித் தீர்த்தாங்க. நான் பாட்டுக்குச் சிரிச்சிக்கிட்டே ஓட்டினேன்."

இனி நான் சொல்லப்போவது தலைவர் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கு அதைவிடச் சங்கடம். சென்ற மாதம் நிர்வாகக் குழு ஒரு புதிய கால அட்டவணையைத் தயாரித்தது. மற்ற பள்ளிகளில் நான்கு வயதிலேயே பக்கம் பக்கமாக எழுதுகிறார்களாம். அதனால் பள்ளி முடியும் முன் குழந்தைகள் தாங்களே ஷூ மாட்டும் இந்தக் கால் மணி நேரத்தை எழுத்துப் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டு, ஷூவை உதவியாளர்களே மாட்டி அனுப்பிவிடலாம் என்பது திட்டம். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. டீச்சர் என் அறைக்கு வந்தார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா உக்காந்து பாருங்க மேடம். நீங்க எப்பவும் அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடறீங்க."

எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அந்தக் கால் மணி நேரத்தை முழுவதும் பார்த்ததில்லை! "அடுத்த வாரம் வர்றேன்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் இதயம் நின்றுவிட்டது. ஊரையே பொறுங்க, பொறுங்க என்று நிறுத்தி வைத்தவர், எனக்காக ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

மூன்று நாள் விடுமுறைக்குப் பின் வியாழக்கிழமை பள்ளி திறந்தது. வகுப்பெடுக்க ஆளில்லாததால் நானே போனேன். ஷூ நேரம் வந்தது. சின்ன மேடத்தின் ஷூவில் பட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. என்னை அறியாமல் குனிந்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, "கை மேல உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு நான்கு வயதுக் குழந்தை சொல்லி உட்கார்ந்தேன்! கை துடிக்கிறது ஐயா, துடிக்கிறது! அந்த அம்மையார் இருபத்தாறு ஆண்டுகள் எப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ! பட்டையைப் பிரித்தாள், இழுத்தாள், ஒட்டினாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "பொறுங்க டீச்சர் எங்க?"

"டீச்சர் செத்துப் போயிட்டாங்கம்மா. இனிமே வர மாட்டாங்க" என்றேன். ஊருக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்றெல்லாம் குழந்தைகளிடம் பூசி மெழுகக் கூடாது என்பது டீச்சர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அவள் அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள். வகுப்பறைக்குள் டீச்சர் போட்டுக்கொள்ளும் நீலச் செருப்பு அங்கே இருந்தது. "அவங்க செருப்பு இங்கதானே இருக்கு?"

"ஆமா, செருப்பு இருக்கு. டீச்சர் வர மாட்டாங்க."

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதே பதிலைச் சொன்னேன். மூன்றாவது முறை எனக்குக் குரல் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், அவசரப்படுத்தவில்லை. குரல் வந்ததும் சொன்னேன்.

நேற்று அந்தப் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். என் வாக்கியத்தை அடிக்கவில்லை. அதன் கீழே, 'நான் முழுவதும் பார்க்காமல் எழுதியது' என்று எழுதித் தேதி போட்டேன். புதிய அட்டவணையில் கையெழுத்துப் போடவில்லை. தலைவர் அவர்களே, போடவும் மாட்டேன். நான் இந்தப் பொறுப்பில் இருக்கும்வரை அந்தக் கால் மணி நேரம் குழந்தைகளுடையது. வேண்டுமானால் ஒரு நாள் வாருங்கள். முழுவதும் உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

அடுத்ததாக எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. மன்னிக்க வேண்டும், யாரும் எழுந்திருக்காதீர்கள். அன்புள்ள பெரியவர்களே, உங்கள் இரண்டு கைகளையும் நாற்காலியில் வைத்து அவற்றின் மேல் உட்காருங்கள். தலைவர் அவர்களே, நீங்களும்தான். அழுகை வந்தால் வரட்டும், துடைக்க வேண்டாம். கடைசிக் குழந்தை எழுந்து நிற்கும்வரை ஒரு கையும் வெளியே வரக் கூடாது.

சின்ன மேடம், நண்பர்களே, உங்கள் செருப்பெல்லாம் வாசலில் இருக்கிறது. போய் மாட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.