சிவப்புக் கொடிக்குக் கீழே நின்றவர்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தடகளச் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மாஸ்டரின் துணைவியார், நம் அண்ணி அவர்களே! மாஸ்டரிடம் ஓடிப் பழகிய தம்பிகளே, தங்கைகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடுபாதையின் ஓரத்தில் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன். விநாடிக் கணக்குச் சொல்லிப் பழகிய வாய்க்கு மனத்தில் இருப்பதைச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தலைமைப் பயிற்சியாளரை எப்படி அழைத்தோம்? முகத்துக்கு நேரே மாஸ்டர். முதுகுக்குப் பின்னால் காத்து மாஸ்டர்! காலை ஐந்தரைக்குக் கையடக்கக் கருவியை நீட்டி, காற்றில் எவ்வளவு புகையும் தூசும் இருக்கிறது என்று பார்ப்பார். எண் எல்லை தாண்டினால் வாயிற்கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறும். அது இறங்கும்வரை பயிற்சி கிடையாது. எவ்வளவு கிண்டல் செய்தோம்! அதில் முதல் ஆள் நான்தான்.

அந்தக் கொடி வருவதற்கு முன் ஒரு பனிக்காலம். எண்ணூறு மீட்டர் ஓடும் நம் நெட்டையன், அதோ கடைசி வரிசையில் இருக்கிறானே, அவன் வாரக்கணக்கில் நாலு விநாடி பின்தங்கினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாட்ச் கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்கக் கொடுத்தேன். ஒரு முறையா? மூன்று முறை! மூன்றாம் முறை கடைக்காரர், "சார், வாட்ச் நல்லாத்தான் இருக்கு. ஓடுறவனைக் கொண்டு போய் காட்டுங்க" என்றார். மாஸ்டரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவர் சொல்றது சரிதான். சும்மா நிக்கிற நமக்கே கண்ணு எரியுது. ஓடுறவன் பத்து மடங்கு காத்தை இழுக்கிறான். புகையையும் சேத்துத்தானே இழுக்கிறான்?" என்றார். பிறகு காற்று தெளிந்த நேரம் பார்த்து மட்டுமே ஓடவைத்தார். மூன்றாம் வாரம் அந்த நாலு விநாடியும் திரும்பி வந்தது!

ஆனால் எத்தனை பேர் பொறுத்திருந்தார்கள்? நாள் தவறாமல் பயிற்சி என்று அடுத்த மைதானம் கூப்பிட்டது. ஒவ்வொருவராகப் போனார்கள். நெட்டையனும் போனான். தம்பி, உன்னைக் குறை சொல்லவில்லை. தேர்வுப் போட்டி நெருங்கும்போது யாருக்குத்தான் பயம் வராது? நானும், மாஸ்டர் கூப்பிட்டால் போகலாம் என்று வீட்டில் இருந்துவிட்டேன்.

கொடி ஏறிய நாட்களில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோமே, அவர் எங்கே இருந்தார்? ஒருநாளாவது கேட்டோமா? மைதானக் காவலர் போன வாரம் சொன்னார்: "அவரு வீட்டுக்கே போக மாட்டாரு சார். அரை மணிக்கு ஒரு தடவை அந்த மிஷினை நீட்டிப் பாப்பாரு. இருமிக்கிட்டே நிப்பாரு." நம்மை வீட்டுக்கு அனுப்பியவர், நமக்காக அந்தப் புகையிலேயே நின்றார்! தெளிந்ததும் ஒவ்வொருவருக்கும் போன் செய்வார். "வாங்க, சரியாயிடுச்சு." அவ்வளவுதான் பேச்சு.

அண்ணி நேற்று என்னிடம் கேட்டார்கள்: "கடைசி வருஷம் யாருமே போனை எடுக்கலையாமே, நெசமா?" இப்போது சொல்கிறேன், அண்ணி. நிஜம்தான். அவர் மைதானத்து பெஞ்சில் சாய்ந்துபோன அன்று, ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு என் போன் அடித்தது. காற்று தெளிந்ததைச் சொல்லப்போகிறார், என்ன அவசரம் என்று விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாரா, உதவிக்குக் கூப்பிட்டாரா? எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

நண்பர்களே! இந்தக் கூட்டம் முடிந்ததும் அவர் நினைவாக ஓட்டம் என்று அறிவித்திருந்தோம். எல்லோரும் ஷூ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உள்ளே வருமுன் அவருடைய கருவியை நீட்டிப் பார்த்தேன். தலைவர் மன்னிக்க வேண்டும். கொடியை ஏற்றிவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன். ஓட்டம் இப்போது கிடையாது. வீட்டுக்குப் போங்கள்.

அவருடைய வேலையை இன்றிலிருந்து நான் செய்வேன். காவலர் அறைக்குள் உட்கார்ந்து, கருவியை மட்டும் சன்னலுக்கு வெளியே நீட்டுவேன். இவ்வளவு சின்ன யோசனையை அவருக்குச் சொல்ல நம்மில் ஒருவர்கூட அருகில் இல்லை.

காற்று தெளிந்ததும் ஒவ்வொருவரையும் கூப்பிடுவேன். தயவுசெய்து, போனை எடுங்கள்.